மரவள்ளி இலையும் ஒரு சத்தியமும்

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆபீஸ்ல கேட்டாங்க. "ஊக்கம் தர்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்"னு வேற சொன்னாங்க. ஊக்கத்துக்கு வேற ஆளைப் பாருங்கப்பான்னு அப்பவே சொல்லியிருக்கணும். ரிட்டயர்டு ஆனவளை யாராவது கூப்பிட்டுக் கேட்டா வாய் தானா சரின்னு சொல்லிடுது. அதனால முன்னாடியே எச்சரிக்கை பண்ணிடறேன். இது மனசுக்குத் தெம்பு தர்ற சமாசாரம் இல்ல.

நான் படிச்சது தாவரவியல். அதுலயும் செடிகளுக்குள்ள இருக்கிற நஞ்சைப் பத்தித்தான் ஆராய்ச்சி. ஆனா என் வேலைக்காலத்துல பெரும்பங்கு செடிகிட்ட போகல, ஜனங்ககிட்ட போச்சு. கள்ளக்குறிச்சியைச் சுத்தி ஊர் ஊரா கூட்டம் போட்டுப் பேசறது, ரேடியோவுல பேசறது, கடைசி வருஷங்கள்ல வாட்ஸப்புல குரல் பதிவு அனுப்பறது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக்காரங்க, மலைமேல வெள்ளிமலையில சாமை போடறவங்க, அடிவாரத்துல மரவள்ளிக்காரங்க. எல்லாருக்கும் என் முகத்தைவிட என் குரல் நல்லாத் தெரியும். பஸ்ஸுல டிக்கெட் கேட்டா முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அதுல கர்வம்தான். நானே சம்பாதிச்ச குரல், கர்வப்பட்டா என்ன தப்பு?

அந்தக் கர்வத்தோடதான் ஒருநாள் அடிவாரத்து ஊர் ஒண்ணுக்குப் போனேன். ஊர் பேரு வேண்டாம். இதுல வர்ற ஆளுங்க பேரும் நானா வெச்சதுதான்.

அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. மேய்ச்சல் நிலத்துல புல்லுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்துக் கால்நடை டாக்டர் எனக்குப் பழக்கம். காலையில போன் பண்ணார். "மேடம், ஒரு ஊர்ல ஆடுங்க செத்துக் கிடக்குது. மரவள்ளி இலை துன்னுதான் செத்திருக்குது, எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஊர்ல மருந்து வெச்சுட்டான்னு ஒருத்தரைப் புடிச்சு வெச்சிருக்காங்க. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. ரேடியோ மேடம் வந்து சொன்னா கேக்கறோம்னு தலைவர் சொல்றாரு. வர்றீங்களா?"

ரேடியோ மேடம்னு சொன்னா நான் போகாம இருப்பேனா?

போற வழியில ஜீப்புல டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஆடுங்க பச்சையம்மாவோடது. புருஷன் இல்ல, கூலி வேலை. மக நர்சிங் படிக்கிறா, வருஷா வருஷம் ஆட்டை வித்துத்தான் பீஸ் கட்டறது. மரவள்ளிக் காடு கண்ணுசாமியோடது. சொந்தமில்ல, குத்தகை. ஜவ்வரிசி ஆலைக்குப் போற கசப்புக் கிழங்கு. ரெண்டு மாசம் முன்னாடி பச்சையம்மாவோட ஆடுங்க அந்தக் காட்டுக்குள்ள பூந்துடுச்சு. அந்த ஆத்திரத்துல கண்ணுசாமி டீக்கடையில, எல்லார் எதிர்லயும், "இன்னொரு தபா வந்துச்சுன்னா மருந்து வெச்சுடுவேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க"ன்னு கத்தியிருக்கார். இப்ப ஆடுங்க செத்தது அவர் காட்டு வரப்போரம் ஒடிச்ச இலையைத் துன்னு. வரப்போரம் ரெண்டு கை இலை ஒடிக்கிறதை அந்தப் பக்கத்துல யாரும் திருட்டுன்னு நினைக்க மாட்டாங்க. ஊர் என்ன நினைக்கும், சொல்லுங்க? நானா இருந்தாலும் அதையேதான் நினைச்சிருப்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி கூட்டம். தலைவர் நாற்காலியில. பச்சையம்மா தரையில, முந்தானையை வாய்மேல வெச்சுக்கிட்டு. கண்ணுசாமி தனியா நின்னுக்கிட்டிருந்தார். ஒல்லியான ஆளு, நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். அவர் பக்கத்துல ஒருத்தரும் நிக்கல.

நாங்க போனப்ப விஷயம் முடியற கட்டத்துல இருந்துச்சு. கண்ணுசாமி கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்னு சொல்லியிருக்கார். எரியற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சு, நான் பண்ணலன்னு சாமிகிட்ட சொல்றது. அந்த ஊர்ல அதுக்கு மேல பேச்சு கிடையாது. பொய்யா சத்தியம் பண்ணா குடும்பம் விளங்காதுன்னு எல்லாரும் நம்பறாங்க. பச்சையம்மாகூட, "சத்தியம் பண்ணட்டும், அதுக்கப்புறம் அவனாச்சு சாமியாச்சு"ன்னு சொல்லிட்டாங்க. தலைவர் கற்பூரம் வாங்கியாரச் சொல்லி ஆளனுப்பிட்டார்.

அப்பதான் நான் வாயைத் திறந்தேன்.

"சத்தியமெல்லாம் எதுக்குங்க? இந்த இலையிலயே இயற்கையா விஷம் இருக்கு. யாரும் வைக்க வேண்டியதில்ல. உங்க கண்ணு முன்னாடியே நிரூபிச்சுக் காட்டறேன்"னேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. மரவள்ளி இலையைக் கடிச்சா, கசக்கினா அதுலேர்ந்து சயனைடு கிளம்பும். வறட்சியில வாடின செடியில இன்னும் ஜாஸ்தி. கொழுந்துல இன்னும் ஜாஸ்தி. ஊர்ல பழக்கமா பண்ற மாதிரி காயவெச்சுக் கொஞ்சமா போட்டா ஆடு தாங்கிக்கும். வெறும் வயித்துல பச்சையா அள்ளித் துன்னா செத்துடும். எல்லாம் உண்மை. ஆனா பத்து நிமிஷத்துல தானா முடிய இருந்த ஒண்ணை நான் நிறுத்தினேன். உண்மை கையில இருக்கிறவங்களுக்குக் காத்திருக்கத் தெரியறதில்ல.

பையில ஒரு மஞ்சக் காகிதம் வெச்சிருப்பேன். ஒரு ரசாயனத்துல நனைச்சுக் காயவெச்ச துண்டு. இலையைக் கசக்கிச் சின்ன பாட்டில்ல போட்டு, இலையில படாம மேல காகிதத்தை மாட்டி மூடினா, கிளம்பற விஷம் பட்டு காகிதம் செவக்கும். காலேஜ் பசங்களுக்குக் காட்டினா கை தட்டுவாங்க. கண்ணுசாமி காட்டுலேர்ந்து இலை கொண்டாரச் சொன்னேன். கசக்கினேன், மூடினேன். எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. மஞ்சள் ஆரஞ்சாச்சு, அப்புறம் செங்கல் நிறத்துக்கு வந்துடுச்சு.

நான் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சேன். "பாருங்க, விஷம்."

கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு. பின்னாடியிருந்து ஒருத்தர் நிதானமா கேட்டார். "அப்ப விஷம் இருக்குது. அது ருசுவாய்ப்போச்சு. வெச்சது யாருன்னுதான மேடம் கேக்கறோம்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. யாரும் வைக்கல, செடியே உண்டாக்குதுன்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன். தலைவர் கெட்ட மனுஷன் இல்ல, யோசிக்கிற ஆளு. "மேடம் சொல்றது எல்லா மரவள்ளிக்கும் பொதுதானுங்களே? அப்ப என் வூட்டாண்ட இருக்கிற செடியில பாருங்க. அதுவும் செவந்துச்சுன்னா நாங்க ஒத்துக்கறோம்"னார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக் கூடத்துல நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆனா அவர் வீட்டுச் செடி குழாயடியில நிக்கிறது. தினமும் தண்ணி. சாப்பிடறதுக்குன்னு வெச்ச இனிப்புக் கிழங்கு. விஷம் கம்மி. ஒருத்தர் ஓடிப்போய் முத்தின இலையாப் பாத்து ஒடிச்சுக்கிட்டு வந்துட்டார். டாக்டர் என் காதுகிட்ட வந்து, "கொழுந்தா கேளுங்க மேடம், அதுனா கொஞ்சமாவது செவக்கும்"னார். அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க? கொழுந்து கேட்டிருந்தா ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது. ஆனா எந்த இலைன்னு நான் தேர்ந்தெடுத்த நிமிஷமே, நான் சாட்சி இல்ல, வக்கீல் ஆயிடறேன். அவங்க கொடுத்த இலையையே கசக்கினேன். காகிதம் லேசா நிறம் மாறின மாதிரி இருந்துச்சு. வெயில்ல பாத்தவங்களுக்கு மஞ்சளாவேதான் தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு செவப்பு, ஒண்ணு மஞ்சள். கண்ணுசாமி குற்றவாளின்னு இதைவிட அழகா யாரும் காட்டியிருக்க முடியாது. வறட்சி, ரகம், கொழுந்து, முத்தல்னு நான் தொண்டைத்தண்ணி வத்தப் பேசினேன். ரேடியோவுல பேசற அதே குரல்தான். ஒரு காதுலயும் ஏறல.

கண்ணுசாமி தலைவர்கிட்ட போய், "சத்தியம் பண்றேங்க, கற்பூரம் கொடுங்க"ன்னு கையை நீட்டினார்.

"அதான் பேப்பரே சொல்லிடுச்சே. இன்னும் இன்னா சத்தியம்?"

கற்பூரப் பொட்டலத்தோட வந்தவர் அதை அப்படியே சட்டைப்பையில போட்டுக்கிட்டார். சாமி கோர்ட்டை நான் இழுத்து மூடிட்டேன். என் கோர்ட்டுல அவருக்குத் தண்டனை கிடைச்சுது. அன்னிக்கே ஊர்ல தள்ளி வெச்சுட்டாங்க. யாரும் அவர்கிட்ட பேசக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது. கிழங்கு புடுங்கற நேரம் அது. ஆள் இல்லாம, டிராக்டர் இல்லாம ஒரு குத்தகைக்காரர் கிழங்கு புடுங்கி ஆலைக்கு அனுப்ப முடியாது. அந்த வெள்ளாமை போச்சுன்னா குத்தகையும் போச்சு, ஊரும் போச்சு.

கூட்டம் கலையும்போது யாரோ ஒரு ஆளு, "அவ்ளோ உறுதியா இருந்தா ஒரு ஆட்டுக்கு இந்த இலையைப் போட்டுக் காட்டுங்களேன்"னு கேட்டார். கிண்டலாத்தான் கேட்டார். ஒரு உயிரைச் சாகடிச்சு நிரூபிக்கிறது என் வேலை இல்லைன்னேன். அந்தப் பதில் சரிதான்னு இன்னிக்கும் நினைக்கிறேன். சரியான பதில் சொல்லிட்டு ஜீப்புல ஏறி வந்துட்டேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கச்சிராயபாளையம் தாண்டினப்புறம் டாக்டர் சொன்னார். "அவங்க 'யாரு'ன்னு கேட்டாங்க. நாம 'என்ன'ன்னு பதில் சொன்னோம்." நாமன்னு அவர் சொன்னது மரியாதைக்கு. நான்தான் சொன்னேன். உங்களுக்குப் பாடம்னு எதையாவது குறிச்சுக்கணும்னா இதைக் குறிச்சுக்கோங்க. எந்த ஊருக்குப் போனாலும், அவங்க கேக்கற கேள்வி எதுன்னு தெரியாம நம்ம கையில இருக்கிற பதிலை எடுத்து நீட்டாதீங்க. பதில் சரியா இருக்கறதால ஆபத்து குறையறது இல்ல.

அதுக்கப்புறம் திரும்பவும் அந்த ஊருக்குப் போனேன். விளக்கப் படங்களையும் வேற காட்டு இலைங்களையும் எடுத்துக்கிட்டு. தலைவர் டீ கொடுத்தார், மரியாதையாப் பேசினார், கூட்டத்துக்கு ஒருத்தரும் வரல. கேக்க வந்தது கண்ணுசாமி மட்டும்தான். அவருக்கு நான் சொன்னது ஒவ்வொண்ணும் புரிஞ்சிருந்துச்சு. எத்தனை நேரத்துல சாகும், வெறும் வயிறா இருந்தா என்ன ஆகும், கொழுந்துன்னா எந்த இலை வரைக்கும், எல்லாத்தையும் கேட்டார். பாவம், விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டு நாலு பேர்கிட்ட எடுத்துச் சொல்லப் போறாருன்னு நினைச்சேன். ஊரே பேசாத மனுஷன் யார்கிட்ட போய்ச் சொல்லுவார்? அதுகூட எனக்குத் தோணல.

சில நாள் கழிச்சு போன் வந்துச்சு. "மேடம், நாளைக்குக் காலையில வாங்க. நான் ஒண்ணு பண்றேன். அதை நீங்க எடுத்துச் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"வூட்ல ஒரு ஆடு இருக்குதுங்க. என் பொண்டாட்டி வளத்தது. இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து அதுக்கு ஒண்ணும் போடல."

வேண்டாம்னு சொன்னேன். கெஞ்சினேன்னே வெச்சுக்கோங்க. "நீங்க பண்ண மாட்டேன்னு சொன்னீங்க, அது நாயம். எனக்கு வேற வழி இன்னாங்க இருக்குது?"ன்னு கேட்டார். போனை வெச்சதும் டாக்டரைக் கூப்பிட்டு, விஷத்தை முறிக்கிற ஊசியை எடுத்துக்கிட்டு வரச் சொன்னேன். அந்த ஆட்டைக் காப்பாத்திடலாம், ஊரும் ஒத்துக்கும், ரெண்டும் நடக்கும்னு கணக்குப் போட்டேன். படிச்சவங்களுக்கு எப்பவும் ரெண்டும் நடக்கும்னு ஒரு நப்பாசை.

அதே பள்ளிக்கூடத்து முன்னாடி. கண்ணுசாமி யாரையும் கூப்பிடல. ஆட்டை முளையில கட்டிட்டு நின்னார். ஊர் தானா கூடிடுச்சு. அவரோட பொண்டாட்டி வரல. இலையை அவரே ஒடிக்காம, தலைவரைப் பாத்து, "நீங்களே யாரையாவது விட்டு ஒடிச்சாரச் சொல்லுங்க. கழுவிட்டுப் போடுங்க"ன்னார். இலையைக் கழுவணும்னு அன்னிக்கு எனக்குத் தோணாததை அவர் பண்ணார். விஷம் வெளியிலேர்ந்து வரலைங்கறதுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேற இல்ல. கொழுந்தை ஒடிச்சாந்து, குடத்துத் தண்ணியில அலசி, தலைவர் கையாலேயே போட்டாங்க.

ஆடு ஆசையாத் துன்னுச்சு. பசி.

நான் பேச வேண்டிய நேரம். இப்ப மூச்சு வாங்கும், இப்ப வயிறு உப்பும், இப்ப கால் நிக்காதுன்னு ஒவ்வொண்ணா சொன்னேன். சொன்னபடியே எல்லாம் நடந்துச்சு. ஆடு முட்டி போட்டுச்சு. டாக்டர் ஊசியைக் கையில எடுத்துட்டு என்னைப் பாத்தார்.

கண்ணுசாமி அவர் கையைப் புடிச்சார். "இப்பப் போட்டா பொழைச்சுக்கும். பொழைச்சுக்கிச்சுன்னா மறுபடியும் ஒத்துக்க மாட்டாங்க. டாக்டர் ஊசியில இன்னாவோ இருந்துச்சும்பாங்க."

டாக்டர் என் பதிலுக்காக நின்னார். நான் தலைவரைப் பாத்து, "இலைதான்னு ஒத்துக்கறீங்களா? சொல்லுங்க"ன்னேன். அவர் ஆட்டையே பாத்துக்கிட்டிருந்தார். "ஒத்துக்கறீங்களா, இல்லையா?"ன்னு இன்னொரு தடவை கேட்டேன், சத்தமா. எத்தனை நேரம்னு எனக்குத் தெரியல. தலைவர் தலையாட்டினார். டாக்டர் ஊசியைப் போட்டார். ஆடு ஒரு உதறு உதறிட்டு அடங்கிடுச்சு.

நான் காத்திருந்தது சரியா தப்பா? முன்னாடியே போடச் சொல்லியிருந்தா ஆடு பொழைச்சிருக்கலாம், மனுஷன் பொழைச்சிருக்க மாட்டார். இப்படி எனக்கு நானே சொல்லிக்கிறேன். சில நாள் அது எடுபடுது, சில நாள் எடுபடறதில்ல.

ஊர்ல தள்ளி வெச்சதைத் தலைவர் அந்த இடத்துலயே எடுத்துட்டார். நாளைக்கே கிழங்கு புடுங்க ஆள் வரும்னு சொன்னார். யாரோ கண்ணுசாமி தோளைத் தட்டினாங்க. அவர் ஆட்டோட கயித்தை அவுத்துக்கிட்டே இருந்தார், முடிச்சு வரல. அந்த வருஷம் புடுங்கி முடிச்சதும் குத்தகையை விட்டுட்டு உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரி ஷெட்டுல வேலைக்குப் போயிட்டார்னு பின்னாடி டாக்டர் சொன்னார். ஊர் அவரை மறுபடியும் சேர்த்துக்கிச்சு. அவர் ஊரைச் சேர்த்துக்கல.

இதோட முடிச்சுட்டேன்னா வெற்றிக் கதைன்னுகூட யாராவது போஸ்டர் அடிச்சுடுவீங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு.

அன்னிக்கு ஆடு செத்ததும் நான் ஜீப்புல ஏறி உட்கார்ந்துட்டேன். சீக்கிரம் கிளம்புங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அப்ப பச்சையம்மா வந்தாங்க. கூட்டத்துல அவங்க எங்க நின்னாங்கன்னு நான் கவனிக்கவே இல்ல. ஜீப்புக் கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க.

"மேடம், அப்ப அந்த இலையிலயே இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"கண்ணுசாமி ஒண்ணும் பண்ல."

"இல்லம்மா. அவர் ஒண்ணும் பண்ணல."

"அதுங்க பசியில கத்திக்கினே இருந்துச்சுங்க. எனக்குத் தாங்கல. நான்தான் போயி ஒடிச்சாந்தேன். முத்தல் வேணாம், மெல்லக் கஷ்டப்படும்னு கொழுந்தா பாத்துப் பாத்து ஒடிச்சேன்."

நான் இறங்கியிருக்கணும். உட்கார்ந்த இடத்துலேர்ந்தே, "உங்களுக்குத் தெரியாதும்மா. தெரியாம பண்ணதுக்கு யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது"ன்னேன். கூட்டத்துல பேசற வார்த்தை.

அவங்க அழல. என்னை நேராப் பாத்தாங்க.

"தெரியாம இருந்த வரைக்கும் அவனைத் திட்டிக்கினு இருந்தேன். விடிஞ்சா திட்றதுக்கு ஒரு ஆளு இருந்தான். இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் யாரைத் திட்றது?"

நிரூபிச்சு முடிச்சதும் ஜீப்புல ஏறிடாதீங்க. யாராவது ஒருத்தர் இதைக் கேக்க வருவாங்க. உங்ககிட்டயும் பதில் இருக்காது. கீழ இறங்கி நின்னு கேளுங்க.